மாப்ள அடிச்ச கோட்டிங்

முன் சீட்டுலயே உக்காருங்க சார். பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும், மேல போய்ச் சேரும்போது இடுப்பு இருக்காது. கதவ வேகமா இழுத்துச் சாத்துங்க, அப்பத்தான் பிடிக்கும். ம், இப்பச் சரி.

ஏறும்போதே கவனிச்சேன், பானட்டப் பாத்துக்கிட்டே ஏறுனீங்க. கேக்கலாமா வேணாமான்னு உங்களுக்கு ஒரு யோசனை. சில பேரு பட்டுனு கேட்ருவாக. போன வாரம் ஒரு காலேஜ் பையன், "என்னண்ணே, வண்டிக்கு அம்மை போட்டுருச்சா"ன்னு கேட்டான். கூட வந்ததுக எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிக்கிதுக. நானும் சிரிச்சு வச்சேன், வேற என்ன செய்ய. பாடிக்கெல்லாம் கருகருன்னு கோட்டிங் இருக்கு, மூஞ்சி மட்டும் உரிஞ்சு தகரம் தெரியுதுன்னா எவனுக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அது அம்மையும் இல்ல, ஆக்ஸிடெண்டும் இல்ல சார். நம்ப வச்சுக் கழுத்தறுத்த கதை. அறுத்தது வெளியாளா இருந்தா மனசு ஆறிப்போகும். கூடப் பொறந்த தங்கச்சியும் அவ புருசனும்னா எப்படி ஆறும்? போய்ச் சேர நேரம் கெடக்கு, சொல்றேன் கேளுங்க. நாலு பேருகிட்டச் சொன்னாத்தான் எனக்கும் நெஞ்சுக் கரிப்பு கொறையும்.

நம்ம பேரு பவுன்ராசு. போடி ஜீப் ஸ்டாண்டுல யாரக் கேட்டாலும் சொல்லுவாக. மீசை மொளைக்கிறதுக்கு முந்தியே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போனவன். இந்த வண்டிய என் பொண்டாட்டி மாதிரின்னு சொன்னா வீட்டுல செல்லக்கிளி சண்டைக்கு வருவா, அதனால மூத்த பிள்ளைன்னு சொல்லிக்கிறது. காலையில பல்லு வெளக்குறேனோ இல்லையோ, இவனத் தொடைக்காம சாவியத் திருப்புனது கெடையாது. மண்ணெண்ணெய் கொஞ்சம், அதுல தேங்காயெண்ணெய் நாலு சொட்டு, பழைய பனியன் துணி. இது எங்க ஸ்டாண்டு பழக்கம். அந்தத் துணி எப்பவும் டிரைவர் சீட்டுக்கு அடியில ஈரமாக் கெடக்கும். அதுல ஒரு வழி வழிச்சீங்கன்னா பானட்டுல உங்க மூஞ்சியப் பாத்துத் தலை சீவிக்கலாம்.

கொஞ்சம் புடிச்சுக்கங்க, கொண்டை ஊசி வளைவு. எதுத்தாப்ல வர்றவன் ஹாரன் அடிக்க மாட்டான், அவுக அப்பன் வீட்டு ரோடு.

எனக்குக் கூடப் பொறந்தது ஒரே தங்கச்சி, நாகஜோதி. அம்மா சீக்கிரமே போய்ச் சேந்துட்டாக. அவளுக்குச் சடை பின்னிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்புனதே நான்தான். டிரைவர் கை எப்படிப் பின்னும், ஒண்ணு கெழக்க போகும், ஒண்ணு மேற்க போகும். ஸ்கூல்ல பிள்ளைக சிரிக்கும். ஆனா ஒரு நாளும் "அண்ணே, கோணலா இருக்கு"ன்னு சொன்னதில்ல சார். யாரு கேட்டாலும் "நானே பின்னிக்கிட்டேன்"னு சொல்லிருவாளாம். டீச்சர்தான் ஒரு நாள் என்னையக் கூப்பிட்டுச் சொன்னாக. அப்படிப்பட்ட பிள்ளை. அவ இப்படி மாறுவான்னு கனவுலகூட நெனைக்கல.

மாப்பிள்ளை பாத்ததும் நான்தான். தெய்வேந்திரன். வண்டிக்கு டிங்கரிங், பெயிண்ட் வேலை பாக்குறவரு. குடி கெடையாது, சீட்டு கெடையாது. பேச்சும் கெடையாது, அது ஒண்ணுதான் கொறை. பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை வரும். என்னைய விட வயசு கம்மிதான், ஆனா தங்கச்சி புருசன் இல்லையா, நான் எப்பவும் "வாங்க மாப்ள, போங்க மாப்ள"ன்னு மரியாதை கொறையாமத்தான் பேசுவேன். அவரும் மச்சான் மச்சான்னு உயிரா இருந்தாரு. இருந்தாரு என்ன, நடிச்சாரு. இப்பத்தான் தெரியுது.

அவரு கொஞ்ச வருசம் மஸ்கட்ல இருந்தாரு. அங்க பாலைவனத்துல மணலு மேட்டுல ஏத்தி எறக்குற வண்டிக்கெல்லாம் ஒரு கோட்டிங் அடிப்பாகளாம். இந்தா பாருங்க, உங்க கதவுக்கு வெளிய கைய நீட்டித் தடவிப் பாருங்க. சொரசொரன்னு பலாக்காத் தோலு கணக்கா இருக்கா? அதுதான். பெயிண்ட்டு மேல கல்லு தெறிச்சா பொக்குனு போயிரும், முள்ளு இழுத்தா கோடு விழும், கோட்டுல தண்ணி எறங்கித் துருப் பிடிக்கும். இதுல எதுவும் ஆகாது. எங்க எஸ்டேட் பாதைக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி. ஒரு பக்கம் பாறை ஒரசும், ஒரு பக்கம் ஏலச்செடிக்கு மேல கெடக்குற மரக்கிளை பூராம் கீறும், எந்நேரமும் மேகம் வந்து ஈரமாக்கிட்டுப் போகும். போடியில ஓடுற ஒவ்வொரு ஜீப்புக்கும் இத அடிச்சா நம்ம குடும்பம் நிமிந்துரும்னு கணக்குப் போட்டு வந்தாரு மனுசன்.

வந்து தேனி ரோட்டுல ஒரு ஷெட்டு போட்டாரு. கம்ப்ரஸர், ஸ்ப்ரே கன்னு, அது இதுன்னு எல்லாம் எறங்குச்சு. நாகஜோதி காதுல, கழுத்துல இருந்ததெல்லாம் அந்த ஷெட்டுக்குள்ளதான் போச்சு. ஸ்டாண்டுல எங்க ஆளுகளுக்கும் ஆசைதான். ஆனா போடிக்காரன் லேசுல நம்புவானா? "மொதல்ல ஒருத்தன் வண்டியில அடிக்கட்டும், ஒரு மழை தாங்கட்டும், பாப்போம்"னு நின்னுட்டாக. அப்ப மாப்ள என்கிட்ட வந்தாரு. "மொத வேலை உங்க வண்டியிலதான் மச்சான். உங்க கைராசி எனக்கு வேணும்"னாரு. காசு குடுத்தேன், வாங்கல. வாங்கவே மாட்டேன்னுட்டாரு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். ஓசியில செய்யிற வேலையில என்ன ஒழுங்கு இருக்கும், நீங்களே சொல்லுங்க.

வண்டியக் கொண்டுபோய் விட்டேன். என்னமோ நேரா ஸ்ப்ரே கன்ன எடுத்து அடிச்சு முடிச்சிருவாருன்னு பாத்தா, உப்புத்தாள எடுத்து வச்சுக்கிட்டுத் தேய்க்க ஆரம்பிச்சுட்டாரு. தேய்க்கிறாரு, தேய்க்கிறாரு, மூலை முடுக்கெல்லாம் தேய்க்கிறாரு. வருசக்கணக்கா நான் தொடைச்சுத் தொடைச்சு ஏத்தி வச்ச மினுமினுப்பு, பொடியாக் கீழ கொட்டுது. "போதும் மாப்ள"ன்னேன். "இல்ல மச்சான், வழவழப்பு மேல கோட்டிங் நிக்காது. தேய்ச்சாத்தான் கவ்விப் பிடிக்கும்"னாரு. அதுக்குப் பெறகு தின்னர்ல துணிய நனைச்சு, கையில உறை போட்டுக்கிட்டு, வண்டி பூராம் தொடைச்சாரு. "இனிமே இதுல வெரலு படக்கூடாது மச்சான். கைப்பிசுக்கு ஒட்டுனாக்கூட அந்த எடம் பிடிக்காமப் போயிரும்"னாரு. நான் சரி சரின்னேன். அவரு வேலை, அவரு பாடம்.

அடிக்கப் போற நேரத்துல கன்னுல ஏதோ ஒரு வாஷரு போயிருச்சு. வாங்கிட்டு வர டவுனுக்குக் கெளம்புனாரு. கெளம்பும்போது, "மச்சான், யாரும் வண்டிகிட்ட வராம நீங்க காவலுக்கு இருங்க. உங்களத் தவிர வேற யாரையும் நம்பி நான் விட்டுட்டுப் போக முடியாது"ன்னாரு. பாருங்க, எப்படியெல்லாம் பேசியிருக்காரு மனுசன். நல்ல வெயிலு. ஷெட்டுக்குள்ள நானும் வண்டியும் மட்டும்தான்.

எனக்கு எதுக்க நிக்கிறான் சார் இவன். வெளுத்துப்போய் மூளியா நிக்கிறான். ஆயுத பூசைக்கு மாலையும் சந்தனமுமா நிக்கிற பிள்ளை. பாக்கப் பாக்க எனக்குப் பொறுக்கல. பெத்த பிள்ளைய ஆப்பரேசனுக்குக் கொண்டுபோறாக, அதுக்கு முன்னாடி அதோட மூஞ்சிய ஒரு தடவ தொடைச்சு விடுறதில்லையா நம்ம? அது மாதிரிதான். சீட்டுக்கு அடியில இருந்து துணிய எடுத்தேன். பானட்ட மட்டும் ஒரு வழி வழிச்சேன். கை போன போக்குல முன்னாடி மட்கார்டு ரெண்டையும் வழிச்சேன். அடடா, மறுபடி அந்தப் பழைய மினுமினுப்பு வந்துச்சு பாருங்க, எனக்கு உசுரே வந்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் மாப்ள வந்து பாத்தா என்னமும் நெனைப்பாரேன்னு கைலியால அழுத்தித் தொடைச்சுப் பழையபடி மங்கலாக்கிட்டேன். துணியத் திருப்பிச் சீட்டுக்கு அடியில சொருகிட்டேன். அம்புட்டுதான் நடந்தது. இதுக்கும் கோட்டிங் உரிஞ்சதுக்கும் என்ன சம்பந்தம்? தேங்காயெண்ணெய் என்ன வெசமா? தலைக்கே தேய்க்கிறோம். இதையெல்லாம் நான் பெருசு பண்றதில்ல, பேச்சு வந்ததால சொன்னேன்.

அந்நேரம் நாகஜோதி எங்களுக்குச் சோறு கொண்டு வந்திருந்தா. நான் திரும்பிப் பாத்தப்ப வாசல்ல தூக்குச்சட்டி மட்டும் இருந்துச்சு, ஆளக் காணோம். என்னடா இது, அண்ணனுக்கு ஒரு வாய் போட்டுக் குடுக்காம வச்சுட்டுப் போறாளேன்னு நெனச்சேன். அன்னிக்கே மாறிட்டா போல. நமக்குத்தான் வெளங்கல.

மாப்ள வந்தாரு. மேற்க கருக்கல் கட்டி நிக்கிது, மழைக்கு முந்தி முடிச்சாகணும்னு வெரசா கோட்டிங் மருந்தக் கலக்குனாரு. கலக்கிட்டா அப்புறம் நிறுத்த முடியாதாம், உள்ளயே எறுகிப்போகுமாம். ஸ்ப்ரே கன்னப் பிடிச்சு அடிச்சாரு பாருங்க, சும்மா சொல்லக் கூடாது, கையி ஒரே சீராப் போகுது, ஒரே சீரா வருது. மறுநாள் வெளிய எடுத்தோம். ஆத்தாடி, என்ன ஒரு கம்பீரம். கருப்பண்ணசாமி எந்திரிச்சு வந்த மாதிரி இருந்துச்சு. ஸ்டாண்டே தெரண்டு வந்து தடவிப் பாக்குது. எங்க ஸ்டாண்டு சின்னமாயன் சாவிய எடுத்துக் கோடு போட்டுப் பாக்குறான், விழல. "அண்ணே, மழை முடியட்டும், அடுத்த வண்டி என்னுது"ன்னான். அவனுக்குப் பின்னால ஒரு பெரிய வரிசையே நின்னுச்சு. மாப்ள ஒரு ஓரமா நின்னு என்னையப் பாத்துச் சிரிச்சாரு. அவரு பல்லு தெரிஞ்சு சிரிச்சத அன்னிக்குத்தான் நான் பாத்தேன்.

அந்த அழகப் பாத்துத்தான் மேல ஒரு ரிசார்ட்டுக்காரக என்னையக் கூப்பிட்டாக. வர்ற விருந்தாளிகள காட்டுப் பாதையில கூட்டிட்டுப் போக நிரந்தரமா ஒரு ஜீப்பு. சீசன் முடிஞ்சா ஆளில்லாம நிக்கிற பொழப்பு இல்ல, வருசம் பூராம் ஓட்டம். ஒரு வாரம் ஓட்டிப் பாப்போம்னாக. அந்த வாரம் மழை பிடிச்சுக்கிருச்சு. பானட்டுல சின்னதா ஒரு கொப்புளம் வந்துச்சு. அமுக்கி விட்டேன். மறுநாள் பக்கத்துல ரெண்டு. அதையும் அமுக்கி விட்டேன்.

சரியா அந்த ரிசார்ட்டு மேனேஜரையும் பெங்களூர்காரக குடும்பத்தையும் ஏத்திக்கிட்டுப் போறேன், எறக்கத்துல காத்து ஒரு பிடி பிடிச்சுச்சு. பானட்டுத் தோலு அப்படியே பாயி மாதிரி எந்திரிச்சு வந்து கண்ணாடியில அறைஞ்சிருச்சு சார். எனக்கு ரோடே தெரியல. எப்படிப் பிரேக் பிடிச்சேன்னு அந்த மாரியாத்தாளுக்குத்தான் தெரியும், இடது கைப்பக்கம் பள்ளம். நான் எறங்கி நிக்கிறேன், அந்தக் குடும்பத்துல ஒரு பொண்ணு போன எடுத்துப் படம் பிடிக்கிது. மேனேஜரு கைக்கடிகாரத்தப் பாத்தாரு. "நாங்க சொல்லி அனுப்புறோம்"னாரு. சொல்லி அனுப்புறோம்னா என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாதா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அவுகள எறக்கிவிட்டுட்டு நேரா கீழ எறங்குனேன். வீட்டுக்குப் போகல, சோறு தண்ணி இல்ல, நேரா ஷெட்டு. அங்க கம்பத்துல இருந்து ரெண்டு பேரு வந்து மாப்ளகிட்டப் பேசிக்கிட்டிருக்காக, எஸ்டேட்டு வண்டிக்கு மொத்தமா அடிக்கிறதுக்கு. சின்னமாயனும் அங்கதான் நிக்கிறான். நான் அந்த உரிஞ்ச தோலச் சுருட்டி மாப்ள காலுல போட்டேன். "வேலியே பயிர மேஞ்சா அப்புறம் யாரச் சொல்ல? மச்சான் வண்டிக்கே இந்த வேலைன்னா ஊரான் வண்டிக்கு என்ன பண்ணுவீரு? ஆளக் கொல்லப் பாத்தீரே"ன்னேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன். கோவத்துல வர்றதுதான, எல்லாமா ஞாபகம் இருக்கு.

அவரு குனிஞ்சு அந்தத் தோல எடுத்தாரு. திருப்பிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு, வெரலால தேய்ச்சுப் பாத்தாரு. மூஞ்சியில ரத்தமே இல்ல. ரொம்ப மெதுவா, "மச்சான், அன்னிக்கு நான் வாஷர் வாங்கப் போனப்புறம் யாரும் வண்டியத் தொட்டாங்களா"ன்னு கேட்டாரு. கேட்ட கேள்வியப் பாத்தீங்களா சார்? காவலுக்கு இருந்தவன் நான். அப்ப யாரச் சொல்றாரு? "நான் காவல் இருக்கும்போது எவன் வந்து தொடுவான்? உம்ம கையில வேலை இல்லன்னு ஒத்துக்கிட்டுப் போவீரா"ன்னேன். அவரு அந்தத் தோலச் சுருட்டி ஓரமா வச்சாரு. "அப்ப என் தப்புதான் மச்சான்"னு மட்டும் சொன்னாரு. அவரே ஒத்துக்கிட்டாரு சார். எத்தனை பேரு கேட்டுக்கிட்டு நின்னாக.

கம்பத்துக்காரக அப்படியே வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாக. சின்னமாயன் ஸ்டாண்டுல வந்து சொன்னான், வரிசை கலைஞ்சுபோச்சு. நான் ஒண்ணும் போயி யாருகிட்டயும் சொல்லல, கேட்டவுகளுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

அதுக்குப் பெறகு மாப்ள என்ன செஞ்சாருங்கிறீங்க? பழைய இரும்புக் கடையில போயி ஒடைஞ்ச பானட்டு, கதவு, மட்கார்டுன்னு பொறுக்கிட்டு வந்து ஷெட்டுக்குள்ள அடுக்கிக்கிட்டு, அதே மருந்த அதே மாதிரி கலக்கி அடிச்சு அடிச்சுப் பாத்தாரு. தண்ணியில ஊறப்போட்டாரு, வெயில்ல காயப்போட்டாரு. எதுவும் உரியல. கத்திய வச்சுக் கெளப்புனாலும் வரல. உரியலையேன்னு சந்தோசப்படணும்ல? அவரு தலையில கைய வச்சு உக்காந்துட்டாராம். நாகஜோதி வந்து செல்லக்கிளிகிட்டச் சொல்லி அழுதிருக்கா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுங்கும்னு சும்மாவா சொன்னாக. தப்பு செய்யாதவருக்கு எதுக்கு அந்தத் தவிப்பு?

என்கிட்டயும் வந்தாரு. "முழுசாச் சொரண்டிட்டு மறுபடி அடிச்சுத் தாரேன் மச்சான்"னு. ஒரு தடவை பட்டது போதும்னு வாசல்லயே வச்சு அனுப்பிட்டேன். இப்ப நீங்க ஒண்ணு கவனிங்க. பின்பக்கத்தப் பாருங்க, ரெண்டு கதவப் பாருங்க. எத்தன மழை, எத்தன பாறை, இன்னிக்கும் சுத்தியல வச்சு அடிச்சாலும் போகாது. அவருக்கு வேலை தெரியும் சார், அதுல சந்தேகமே இல்ல. வேலை தெரிஞ்ச மனுசன் பானட்டுலயும் முன் மட்கார்டுலயும் மட்டும் ஏன் இப்படிப் பண்ணாரு? ஊரு பாக்குற மூஞ்சியில ஏன் பண்ணாரு? நான் கேக்குறது அது ஒண்ணுதான்.

செத்த இருங்க, இந்த லாரிக்காரன் போகட்டும். போ ராசா, போ.

வேலை வராம ஷெட்ட மூடுன பெறகு ஒரு நாள் காலையில நாகஜோதி தனியா வந்தா. நான் வாசல்ல வண்டியத் தொடைச்சுக்கிட்டிருந்தேன். வந்தவ அந்தத் துணியவே பாத்துக்கிட்டு நின்னா. "வா, காப்பி குடி"ன்னேன். "அண்ணே, அன்னிக்கு நான் சோறு கொண்டுவந்தப்ப நீ பானட்டத் தொடைச்சிக்கிட்டு இருந்தத நான் பாத்தேன்"னா.

எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. பாத்தவ அப்பவே உள்ள வந்து "அண்ணே, தொடாத"ன்னு சொல்லியிருக்கணுமா இல்லையா? கேட்டேன். "எனக்கு அப்ப வெவரம் தெரியாதுண்ணே. நீ ஆசையாத் தொடைக்கிறயேன்னு நின்னு பாத்துட்டு, சத்தம் போட்டா நீ கூச்சப்படுவேன்னு போயிட்டேன். உரிஞ்ச பெறகு அவரு சொல்லித்தான் எண்ணெய் பட்டா பிடிக்காதுன்னு தெரியும்"னா. அப்ப அவருகிட்டச் சொல்லிட்டயான்னேன். "சொல்லல. நீயே சொல்லிருவேன்னு இருந்தேன். இன்னிக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு இருந்தேன். அவரு தூங்குறதில்லண்ணே. கையக் கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம், ஸ்டாண்டுல சொல்ல வேணாம். அவரு ஒருத்தருகிட்ட மட்டும் சொல்லு. தனியாக் கூட்டிட்டுப் போயிச் சொல்லு. அது போதும் எங்களுக்கு"ன்னா.

எப்படிப் பேசுறா பாத்தீங்களா? எங்களுக்காம். அவ புருசன் கூடச் சேந்துட்டு எங்களுக்குன்னு பிரிச்சுப் பேசுறா. சடை பின்னிவிட்ட கைய மறந்துட்டா. நான் ஒண்ணும் கத்தல. "எண்ணெய் பட்டா உரியிற கோட்டிங்க எதுக்கு ஜீப்புக்கு அடிக்கணும்"னு மட்டும் கேட்டேன். கேள்வி நியாயம்தான? "கூடப் பொறந்தவளே உளவு பாத்துக்கிட்டு இருந்திருக்கயே"ன்னேன். அதுக்குத்தான் கண்ணுல தண்ணி வந்துச்சு. காப்பியத் தொடல. போகும்போது திரும்பிப் பாத்து, "நான் உன் வாயால வரணும்னு நெனச்சேன்ணே. என் வாயால அவருகிட்ட உன்னைய எப்படிச் சொல்லுவேன்"னா. அவ்வளவுதான், போயிட்டா. அதுக்கப்புறம் என் வாசப்படி மிதிக்கல. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனேன், அதுக்கு முன்னாடியே ஊரக் காலி பண்ணிட்டுப் போயிட்டாக. பூட்டுன வீட்டு முன்னால கரும்பும் பானையுமா நின்னேன் சார், தெருவே வேடிக்கை பாக்குது. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? அண்ணன்னு ஒருத்தன் இருக்கான்னு நெனப்பு வேணாமா?

என்ன சார், வெளியவே பாத்துக்கிட்டு வர்றீங்க. சரி, கேக்குறதே பெருசு.

இப்பக் கோயம்புத்தூர்ல இருக்காக. மாப்ள ஏதோ கார் ஷெட்டுல வேலை பாக்குறாரு. ஸ்ப்ரே கன்னத் தொடுறதில்லயாம். தேய்க்கிறது, பேப்பர் ஒட்டுறது, அது மட்டும்தான். அடிக்கச் சொன்னா என் கையி சரியில்லன்னு ஒதுங்கிக்கிறாராம். மாசத்துல ஒரு தடவை எனக்குப் போன் பண்ணுவாரு, அத ஒத்துக்கணும். "மச்சான், பின்பக்கம் உரியலையே"ன்னு கேப்பாரு. "இல்ல மாப்ள"ம்பேன். "முன்பக்கம் மட்டும் நான் என்ன தப்பு பண்ணுனேன்னே தெரியல மச்சான், யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்"ம்பாரு. "விடுங்க மாப்ள"ம்பேன். பின்னால நாகஜோதி பாத்திரம் கழுவுற சத்தம் கேக்கும். "குடுங்க மாப்ள, தங்கச்சிகிட்டப் பேசுறேன்"ம்பேன். சத்தம் நிக்கும். "அவ வேலையா இருக்கா மச்சான்"ம்பாரு. அவரும் பாவம், ஏன் பேச மாட்டேங்குறான்னு அவருக்கே தெரியல.

இந்தா வந்துருச்சு சார், இந்த கேட்டுதான் உங்க எடம். பையப் பாத்து எடுங்க, என் சீட்டுக்கு அடியில அந்தத் துணி ஈரமாக் கெடக்கும். நீங்க எந்த ஊருன்னு கேக்கவே இல்லையே நான். கோயம்புத்தூரா? அடடே. கோயம்புத்தூர்ல எந்தப் பக்கம்? அவினாசி ரோட்டுப் பக்கம் போறது வர்றது உண்டா?

எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க சார். நம்பர் தாரேன். ஒரு எட்டுப் போயி நாகஜோதின்னு கேட்டு, போடி அண்ணன் வண்டியில வந்தேன்னு சொல்லுங்க. அண்ணன் உன்மேல கோவமா இல்ல, எல்லாத்தையும் மன்னிச்சிட்டாரு, வீட்டுக்கு வந்துட்டுப் போகச் சொன்னாருன்னு சொல்லுங்க. அவ அழுவா. அழட்டும், நீங்க ஒண்ணும் கேக்காதீங்க.

ஒண்ணே ஒண்ணு. மாப்ள பக்கத்துல இருந்தா அந்த எண்ணெய்ப் பேச்ச மட்டும் எடுத்துராதீங்க. அவருக்குத் தெரியாது. அவ இன்னும் சொல்லியிருக்க மாட்டா. இம்புட்டு நாளாச் சொல்லல, இனிமேயும் சொல்ல மாட்டா. என் தங்கச்சியப் பத்தி எனக்குத் தெரியாதா.